முப்பத்தொன்றாம் பொதி

அத்தியாயம் 9

புதன்கிழமை சாயங்காலம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் நாலாவது மெஷின்காரன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறிப் போய்விட்டான். ஊசி போட்டாலும் பத்து நாளைக்குக் கை மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு அந்த மெஷினுக்கு முன்னால் டீகன் நின்றாள்.

கம்பளித் தரம் பிரிக்கும் ரேலீனின் ஒரே மகள். இருபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாக அம்மாவோடு மேஜையருகே நின்று கம்பளி பிரித்தவள். நாலாவது மெஷினை யார் பிடிக்கிறீர்கள் என்று கான்ட்ராக்டர் கார்த் நேற்று கேட்டபோது, கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலேயே "நான்" என்றாள்.

அவளுக்குப் பழக்கம் போதாது என்று அப்பா கிளைவ் சொல்லிப் பார்த்தான். கிளைவ் ஒன்றாவது மெஷின்காரன். முப்பது வருஷமாக ஆட்டைக் காலிடுக்கில் வைத்துக் கத்தரித்தே முதுகு வளைந்தவன். அவன் பேச்சுக்குக் கொட்டகையில் எடை உண்டு. ஆனால் வெளியே இன்னும் ஆயிரத்து எண்ணூறு ஆடு நின்றுகொண்டிருந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. ஆடு நனைந்துவிட்டால் யாரும் தொடமாட்டார்கள். கார்த்துக்கு ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

ரேலீன் மகளைப் பார்த்துச் சிரித்தாள். "இப்பவாவது துணிஞ்சியே. உங்கப்பன் ரத்தம் ஒரு சொட்டும் ஒட்டலையோன்னு இருந்தேன்."

இரண்டு வருஷமாக அவள் மகளைக் குத்திக்கொண்டிருந்த பேச்சு அது. மெஷின் பிடிக்கப் பயந்தவள், மேஜையோடு ஒட்டிக்கொண்டவள். டீகன் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. நேற்றும் சொல்லவில்லை.

ஏழரைக்கு மணி அடித்தது. நாலு மெஷினும் ஒன்றாக இரைந்தன.

ரேலீனுக்கு நாற்பத்தெட்டு வயது. அவள் வேலை தரம் பிரிப்பது. ஆட்டின் மேலிருந்து ஒரே விரிப்பாக வரும் ரோமத்தை ஓடிவந்து மேஜைமேல் வீசுவார்கள். ஓரத்தில் அழுக்கு, மூத்திரக் கறை, முள் இருக்கும் பகுதியை இரண்டு பேர் கிழித்து எடுப்பார்கள். நடுவிலிருந்து ஒரு கற்றையை ரேலீன் உருவுவாள். சுருளைப் பார்ப்பாள், நிறத்தைப் பார்ப்பாள், காதருகே வைத்துச் சுண்டி இழுத்துச் சத்தம் கேட்பாள். இற்றுப்போன கம்பளி ஒரு மாதிரி கிழியும், நல்லது வேறு மாதிரி விண்ணென்று நிற்கும். பிறகு சுவரோரம் தரம் வாரியாகப் பலகை அடைத்த தடுப்புகளில் எதில் போடவேண்டும் என்று கையைக் காட்டுவாள். தடுப்பு நிறைந்ததும் பிரஸ்காரன் அள்ளி அமுக்கிப் பொதியாக்குவான். பொதியின் முகத்தில் தரம் பிரித்தவளின் எண் தகட்டை வைத்துக் கருப்பு மை அடித்து, அடியில் பொதியின் வரிசை எண்ணைப் போடுவான்.

தகட்டில் இருந்தது ரேலீனுடைய எண். பத்தொன்பது வருஷமாக அவளுடையது. பொதியில் கோளாறு இருந்தால் ஆட்டுக்காரனையோ கார்த்தையோ யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணைப் பார்த்து அவளைக் கேட்பார்கள். இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டால் தகடு போய்விடும்.

கண் கெட ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. போனில் வரும் எழுத்தைத் தள்ளி வைத்துப் படித்தாள். மாத்திரை அட்டையை ஜன்னலுக்குக் கொண்டு போனாள். கற்றையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவள் கையை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். கை நீளம் பற்றவில்லை என்றால் கம்பு வைத்துக் கட்டிக்கொள் என்று இரண்டாவது மெஷின்காரன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சுருளைக் கட்டைவிரல் நகத்தால் நெருடி எண்ணினாள். பொதி எண்ணைப் பிரஸ்காரனைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். விரலும் காதும் முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும். பாக்கிக் கால்வாசி நிறம். நிறத்துக்கு விரல் கிடையாது.

போன மாதம் டெனி நகரத்து மருந்துக்கடையில், சுற்றும் கம்பியில் தொங்கிய கண்ணாடிகளில் ஒன்றை வாங்கியிருந்தாள். அது மேலங்கிப் பையிலேயே கிடந்தது. வண்டியிலும் கக்கூஸிலும் தவிர வேறெங்கும் போட்டதில்லை. தரம் பிரிக்கிறவள் கண்ணாடி தேடித் தடவுவதைப் பார்த்தால் ஆட்டுக்காரன் ஒரு மாதிரி பார்ப்பான். அது ஒரு காரணம். போட்டால் கையிலிருப்பது துலங்கும், நாலடிக்கு அப்பால் எல்லாம் புகை. அது இன்னொன்று.

பயமாக இருந்ததா என்றால் அப்படியும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது. தன்னுடையதுதான் என்று தெரிந்தது. வலி இல்லை.

டீகன் இடத்துக்குக் கார்த் ஊரிலிருந்து ஓட்டல் சமையல்காரி ஒருத்தியைக் கூட்டிவந்திருந்தான். கைச்சுறுசுறுப்பு இருந்தது. கம்பளி பற்றி ஒன்றும் தெரியாது. காட்டிய இடத்தில் கிழித்தாள். ரேலீனுக்குக் காட்ட நேரமில்லாதபோது சும்மா நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மெஷின்கள் நின்றன. காதுக்குள் மட்டும் இரைச்சல் கொஞ்ச நேரம் ஓடியது.

டீகன் வந்து அம்மா பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இருபத்தாறு ஆடு முடித்திருந்தாள். ரொட்டிக்குள் இருந்த கறி இரண்டு தடவை மடியில் விழுந்தது. எடுத்து ஊதித் தின்றாள். முகத்தில் ஆட்டுக் கொழுப்பும் வேர்வையும். இவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. முதல் ஆட்டை விட்டதும் அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றாள். இடுப்பு தனியாகக் கழன்று போனமாதிரி இருக்கிறது என்றாள். பிறகு, வாயில் ரொட்டியோடு கேட்டாள்.

"டீ முடிஞ்சு நான் எடுத்த மூணாவது ஆடு, கழுத்து மடிப்புல கருப்பு இருந்துச்சே. கத்துனேன். கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

"தனியா எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

அவளுக்குக் கேட்கவில்லை. அவள் எடுக்கவும் இல்லை. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

வெள்ளை ஆட்டில் ஆயிரத்துக்கு ஒன்று அப்படி வரும், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கருப்புத் திட்டு. அதை முதலில் பார்ப்பவர் 'கருப்பு' என்று கத்தவேண்டும். அந்த ரோமத்தை முழுசாகத் தனியே வைத்துவிடவேண்டும். திட்டை மட்டும் பிடுங்கிப் பயனில்லை. கருப்பு இழை நாலா பக்கமும் சிதறியிருக்கும். சாயம் அதில் ஏறாது. வெள்ளைத் துணியில் ஒரே ஒரு இழை வந்தாலும் ஆலையில் அந்தத் துணியை ஒதுக்கிவிடுவார்கள். தரம் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

ரேலீன் ரொட்டியை முழுவதும் சாப்பிட்டாள். டப்பாவை மூடினாள். எழுந்து பெரிய தடுப்புக்குப் போனாள். முதல் தரக் கம்பளி போடும் தடுப்பு அது. முக்கால்வாசி காலியாக இருந்தது.

பிரஸ்காரன் ஹேமி ஒரு பொதிமேல் உட்கார்ந்து கறி பஃப் தின்றுகொண்டிருந்தான். நியூசிலாந்துக்காரன். முப்பது வயதிருக்கும், தோள் இரண்டும் வாசலை அடைக்கும். கம்பளி எங்கே என்று கேட்டாள். பதினொன்றே காலுக்கு அமுக்கிவிட்டதாகச் சொன்னான். உள்ளங்கையால் பொதியைத் தட்டினான். அவன் உட்கார்ந்திருந்ததே அதன்மேல்தான். மை இன்னும் பளபளத்தது.

"எத்தனாவது பொதி?"

"முப்பத்தொண்ணு. ஏன் ஆன்ட்டி?"

சும்மா என்றாள்.

ஹேமி வாயைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கு அமுக்குனது இது ஒண்ணுதான். யாரும் கிளறல. டீகன் மெஷினுக்குப் போயிட்டா, அதனால நீயே பாத்திருப்பேன்னு அமுக்கிட்டேன்."

"என்ன கிளறல?"

அவன் கொஞ்சம் குழம்பித்தான் போனான். ஒவ்வொரு தடவையும் தடுப்பு நிறைந்ததும் டீகன் வந்து இரண்டு கையாலும் உள்ளே விட்டு அடிவரை புரட்டிப் பார்ப்பாளாம். சரி என்று தலையாட்டிய பிறகுதான் அவன் அமுக்குவானாம். போன வருஷக் கொட்டகையிலும் அப்படித்தானாம்.

"உன் உத்தரவுன்னுதானே சொன்னா? எடுத்ததையெல்லாம் அதுல போட்டு வெச்சிருக்கா."

பிரஸ்ஸுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தீவனச் சாக்கு தொங்கியது.

ரேலீன் சாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். முதல் தடவையாகக் கொட்டகைக்குள் கண்ணாடியைப் போட்டாள். கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். மஞ்சள் கறை, முட்டைக் கரு போல. இன்னொரு பிடி. முள். இன்னொன்றில் இரும்புத் துரு மாதிரிப் பழுப்பு. எதுவும் நுணுக்கமான தப்பு இல்லை. கற்றுக்குட்டி கண்டுபிடிப்பாள். சாக்கு பாதிக்குமேல் நிறைந்திருந்தது. இந்தக் கொட்டகைக்கு வந்து மூன்று நாள்தான் வேலை நடந்திருந்தது.

சாக்கை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

ஒரு மணிக்கு மணி அடித்தபோது கண்ணாடியைக் கழற்றாமலேயே மேஜைக்குப் போனாள். இரண்டாவது மெஷின்காரன் விசில் அடித்து, பள்ளிக்கூட டீச்சர் வந்தாச்சு, வீட்டுப்பாடம் எழுதாதவனெல்லாம் எழுந்து நில்லுங்க என்றான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் இருந்த இடத்தில் ஒரு கலங்கல்தான் இருந்தது.

கற்றை துலங்கியது. ஒவ்வொரு சுருளும் தனித்தனியாக, பல் வரிசை மாதிரி. இரண்டு வருஷம் முன்னால் பார்த்தது. ஆனால் வேகம் வரவில்லை. கண்ணாடியில் கொழுப்புப் படிந்தது. துடைத்த மேலங்கியிலும் கொழுப்பு. குனிந்தால் மூக்கிலிருந்து வழுக்கியது. ஒரு ரோமத்தை அள்ளிக்கொண்டு தடுப்புக்குத் திரும்பும்போது தரை எங்கே என்று தெரியாமல் படியில் முழங்கால் இடித்தாள். சமையல்காரி பிடித்தாள். மேஜைக்குக் கீழே பிரிக்காத ரோமம் குவிய ஆரம்பித்தது. கார்த் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான்.

அவள் கை வேலை செய்தது. தலை கணக்குப் போட்டது. சனிக்கிழமை லாரி வரும். முப்பத்தொன்று மற்ற நாற்பது பொதியோடு ஏறிவிடும். சோதனைக்காகக் குத்தி எடுக்கும்போது அந்த இடத்தில் கருப்பு இருக்கவேண்டுமே. வாங்குகிறவன் மாதிரிப் பெட்டியில் கைவிடும்போது அது மேலே வரவேண்டுமே. வராமலே போகலாம். பெரும்பாலும் வராது. எங்கோ ஓர் ஆலையில், ஒரு வருஷம் கழித்து, யாரோ ஒருத்தி ஒரு துணியை ஒதுக்கி வைப்பாள். அவள் ரேலீனைத் திட்டினாலும் இங்கே காதில் விழாது. நாளைக்கு டீகனை மேஜைக்கு அழைத்துவிட்டால் எல்லாம் பழையபடி.

இதை நினைத்தபோது வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கடைக்குப் போகும்போது என்ன வாங்கவேண்டும் என்று யோசிப்பதுபோல்தான் இருந்தது.

இரண்டே முக்காலுக்கு டீகனின் மெஷின் திடீரென்று நின்றது.

ரேலீன் கண்ணாடியைத் தூக்கி நெற்றிக்கு ஏற்றினாள். தூரம் தெளிந்தது. டீகன் ஆட்டின் விலாவைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். சாண் நீளம் தோல் கிழிந்திருந்தது. கிளைவ் தன் ஆட்டை விட்டுவிட்டு வந்து குனிந்தான்.

"கண்ணை எங்க வெச்சுட்டு ஓட்டுற? நானும் பாக்கறேன், ரெண்டு தடவை கத்தி ஓடறப்ப மேஜையத் திரும்பிப் பாக்கற. இங்க பாரு. ஆடு இங்க இருக்கு."

டீகன் தலையைக் குனிந்தபடி ஊசிநூல் கேட்டாள். தானே தைத்தாள். மூன்றாவது தையல் போடும்போதும் ஒரு தடவை நிமிர்ந்து மேஜையைப் பார்த்தாள். அம்மா தன்னையே பார்ப்பது தெரிந்ததும் சட்டென்று குனிந்துகொண்டாள்.

மூன்றிலிருந்து மூன்றரைவரை டீ. எல்லாரும் கோப்பையோடு உட்கார்ந்த பிறகு ரேலீன் கார்த்திடம் போனாள். கார்த் அறுபதை நெருங்குபவன். அதிகம் பேசமாட்டான், அதிகம் கோபிக்கவும் மாட்டான்.

"முப்பத்தொண்ணைப் பிரிக்கணும்."

"எதுக்கு?"

"உள்ள கருப்பு போயிருக்கு. நான் பாக்கல."

குரலை அவள் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது. யாரோ பிஸ்கட் டப்பாவை மூடினார்கள்.

அமுக்கிய பொதியைப் பிரிப்பது கொட்டகையில் யாரும் பார்க்க விரும்பாத காட்சி. ஹேமி கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பினான். கடைசிக் கொக்கி கழன்றதும் பொதி பெருமூச்சு விட்டதுபோல் உப்பி எழுந்தது. நாற்பது ஆட்டு ரோமம். ஒவ்வொன்றாக உருவி மேஜையில் விரித்தார்கள். ரேலீன் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தாள். டீகன் கூட வந்து நிற்கப் பார்த்தாள். நீ உட்கார்ந்து டீயைக் குடி என்று ரேலீன் சொல்லிவிட்டாள்.

டீகன் கேட்ட கருப்பு பதினேழாவதில் இருந்தது. கழுத்து மடிப்பில், கட்டைவிரல் அச்சு வைத்தாற்போல. அதற்கு முன்னால் நாலு ரோமத்தில் மூத்திரக் கறை. ஒன்று இற்றுப்போனது என்று சுண்டிப் பார்க்காமலேயே தெரிந்தது. அதை அவள் எப்படி விட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில் டீகனின் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

ஒருத்தரும் கேலி பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்த் அந்தத் திட்டை விரலால் தடவிப் பார்த்தான். "கண்ணு எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"டீகன் பாத்துக்கிட்டாளா?"

அவனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ரேலீன் ஆமாம் என்றாள்.

கார்த் தீர்த்துவைக்கிற குரலில் சொன்னான். கெட்டது ஒன்றும் வெளியே போகவில்லை. இந்த ஒரு பொதியைத் திரும்ப அமுக்கினால் முடிந்தது. டீகன் மேஜைக்கு வந்துவிடட்டும், முன்னே மாதிரி அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். நாலாவது மெஷினுக்கு டெனியில் ஒருத்தன் சும்மா இருக்கிறான், காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆட்டுக்காரனுக்குத் தெரியவேண்டியதில்லை.

"அதான் சரி" என்றான் கிளைவ்.

டீகன் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். மெஷினுக்குப் போய் அதன் முனையிலிருந்த சீப்பையும் கத்தியையும் கழற்ற ஆரம்பித்தாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. பழகிய வேலையைச் செய்கிற முகம். ரேலீன் அந்த முகத்தை எங்கோ பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷமாக, மேஜைக்கு எதிர்ப்பக்கம், தினமும் பார்த்திருக்கிறாள். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள்.

"கழட்டாத" என்றாள்.

டீகனின் கை நின்றது.

"ரே, பிடிவாதம் பண்ணாத" என்றான் கிளைவ். "தகடு போச்சுன்னா திரும்பி வராது. பத்தொம்பது வருஷம்."

"அது என் எண்ணு. அவ எண்ணு இல்ல."

ரேலீன் பிரஸ்ஸுக்குப் போய் எண் தகட்டை எடுத்தாள். ஓரத்தில் மை காய்ந்து தடித்திருந்தது. கார்த்தின் கையில் கொடுத்தாள். உனக்கும் ஒரு எண் இருக்கிறதே, இன்னும் உயிரோடுதானே இருக்கிறது, இந்தக் கொட்டகையை நீ முடித்துவிடு என்றாள். தன் எண் அடித்த பொதிகள், ஒன்றிலிருந்து முப்பதுவரை, எல்லாம் டீகன் புரட்டிப் பார்த்தவை. நம்பிக்கை இல்லையென்றால் பிரித்துப் பார்த்துக்கொள் என்றாள்.

கார்த் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தான் கடைசியாகத் தரம் பிரித்து எட்டு வருஷம் ஆகிறது என்றான். அவனுக்கும் கண்ணாடி உண்டு, இரண்டு அடுக்கு வைத்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

"நீயும் ஒழுங்காக் கண்ணைக் காட்டி அளவு எடுத்துக்கோ. கடைக் கம்பியில தொங்கறது உதவாது" என்றான். "சீட்டைக் கொண்டு வா. அப்புறம் பேசலாம். நிச்சயம்னு நான் சொல்லல."

"சொல்ல வேண்டாம்."

"இப்ப என்ன பண்ணப் போற? வீட்டுக்கா?"

"சமையல்காரி மேஜைக்கு இருக்கட்டும், அவ கத்துக்குவா. நாலாவதுக்குப் பெருக்க ஆள் இல்ல."

தரம் பிரித்தவள் துடைப்பம் எடுப்பதைக் கார்த் இதுவரை பார்த்ததில்லை. மற்றவர்களும்தான். இரண்டாவது மெஷின்காரன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மணியடிக்க நாலு நிமிஷம் இருந்தது. டீகன் சீப்பைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தாள். ரேலீன் துடைப்பத்தோடு அவள் அருகில் போனாள்.

"ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடியே கார்த் உன்னை மெஷினுக்குக் கூப்பிட்டாரே. அப்ப ஏன் மாட்டேன்னே?"

டீகன் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை யாரும் கூப்பிடலையேம்மா."

"நீ பயந்து மாட்டேன்னுட்டதா…"

"நேத்து நான் பிடிக்கறேன்னப்பதான் கார்த் சொன்னார், 'ரெண்டு வருஷம் முன்னாடி வேணாம்னியே, இப்ப என்ன'ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. நான் வேணாம்னு சொல்லவே இல்ல." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "அம்மா பக்கத்துல நில்லு, அம்மாவுக்குத் தெரியாம பாத்துக்கோன்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாங்க."

"யாரு?"

டீகனின் கண் மட்டும் கொட்டகையின் அந்தக் கடைசிக்குப் போய்வந்தது. அங்கே கிளைவ் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே எண்ணெய் விட்ட மெஷினுக்கு மறுபடி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மகள் பயந்து மாட்டேன் என்றதாக அன்றைக்கு ரேலீனிடம் சொன்னதும் அவன்தான்.

மணி அடித்தது.

டீகன் கதவைத் தள்ளி ஆட்டைப் பின்னங்காலில் உட்கார வைத்து இழுத்து வந்தாள். வயிற்றுக் கம்பளியைக் கத்தரித்து எறிந்தாள். ரேலீன் பெருக்கினாள். கண்ணாடி தேவைப்படவில்லை. துடைப்பக் கட்டையின் நீளத்துக்கு அவள் கண் அப்படியே பொருந்தியது. தரையின் ஒவ்வொரு பலகையும், பலகையிடுக்கில் சிக்கிய ஒவ்வொரு துணுக்கும், தெளிவாக இருந்தது. டீகன் இந்தத் தடவை நிமிர்ந்து மேஜையைப் பார்க்கவில்லை. கத்தி கழுத்துமடிப்பைச் சுற்றி நிதானமாகப் போனது.

ரேலீன் துணுக்குகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டே போனாள். நாலாவதைத் தாண்டி, மூன்றைத் தாண்டி, இரண்டைத் தாண்டி. ஒன்றாவது மெஷினுக்குக் கீழே வந்தபோது துடைப்பம் நின்றது. கிளைவின் கால்கள், ஆட்டுத்தோல் செருப்பில், வழியில் இருந்தன.

அவன் காலைத் தூக்கி வழிவிடுவான். முப்பது வருஷமாக யார் பெருக்கினாலும் பார்க்காமலேயே தூக்குவான்.

இப்போது தூக்கவில்லை. ஆட்டின்மேல் குனிந்தபடி, மெஷின் வெறுமனே ஓடிக்கொண்டிருக்க, அப்படியே நின்றான்.

ரேலீனும் நின்றாள். அவனைக் கேட்க வேலை முடியவேண்டும், ஐந்தரை மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.